கண்டியில் ஓடிப் பழகிய டங்கன் வைட்

கண்டி மாநகரைப் பற்றி எழுதப் புகும் எவரும் தலதா மாளிகையில் தொடங்கி, வாவியைச் சுற்றி, பெரஹராவில் வந்து நிற்பது வழக்கம். எமது ஆலய மலரிலும் சமயப் பெரியார்கள், தமிழறிஞர்கள், கல்விமான்கள் எனப் பலரது வாழ்க்கை வரலாறுகள் வெளிவந்திருக்கின்றன. இம்முறை ஒரு மெய்வல்லுனரின் வரலாற்றை எழுத விழைந்தேன். ஆலய மலரில் ஓட்டக்காரருக்கு என்ன இடம் என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டிலும் ஆலய முன்றலில் விளையாட்டுப் போட்டி நடத்துபவர்கள் நாம். சாக்கோட்டம், முட்டையும் கரண்டியும், மரதன் ஓட்டம் எல்லாம் வைக்கிறோம். வெற்றி பெற்ற பிள்ளைக்கு ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அந்தப் பிள்ளை அதற்கு மேல் எங்கே போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் எமது கண்டியிலேயே இருந்தது. அவர் பெயர் டங்கன் வைட். எமது பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன், பத்துப் பேரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. முரளிதரனைத் தெரியாத பிள்ளை இல்லை. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் முரளிதரன் பிறப்பதற்கு 24 வருடங்களுக்கு முன்பே கண்டியில் படித்த ஒருவர் உலகத்தின் முன் இந்நாட்டின் பெயரைச் சொல்ல வைத்தார்.

டங்கன் வைட் 1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி களுத்துறைப் பக்கத்திலுள்ள லத்பந்துர என்னும் ஊரில் பிறந்தார். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வழிவந்த அந்தச் சிறிய சமூகத்தினர் அக்காலத்தில் புகையிரதப் பகுதி, தபால் தந்தித் திணைக்களம், சுங்கம், தோட்டத்துறை என எங்கும் உத்தியோகம் பார்த்தார்கள். அரசாங்க சேவையில் என் போன்ற இலிகிதர்களுக்கு வேலை பழக்கிய மூத்தவர்களிலும் பறங்கியர் பலர் இருந்தனர். நேரந்தவறாமையும் நேர்த்தியான கையெழுத்தும் அவர்களிடமிருந்து நாம் கற்றவை.

பிறந்தது களுத்துறைப் பக்கமானாலும் வைட்டை உருவாக்கியது கண்டி திரினிட்டிக் கல்லூரி. 1872இல் அங்கிலிக்கன் மிசனரிமாரால் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்தவர் வண. ஏ. ஜி. பிரேசர். கண்டியில் சமதரை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது எமக்குத் தெரியும். வீடு கட்டவே மலையை வெட்ட வேண்டிய ஊர் இது. பிரேசர் விளையாட்டு மைதானத்துக்காக ஒரு மலைச்சரிவையே வெட்டச் செய்தார். அஸ்கிரிய மைதானம் அப்படித்தான் உருவாகி 1915இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில், 1983இல், அங்கே டெஸ்ட் கிரிக்கெட் போட்டியும் நடந்தது. பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் வேண்டும், இடம் இல்லையென்றால் மலையை வெட்டியாவது இடம் உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பாடசாலை அதிபருக்கு இருந்திருக்கிறது. இன்று பல பாடசாலைகளில் இருக்கிற மைதானத்திலேயே கட்டடம் எழும்புகிறது.

திரினிட்டிக் கல்லூரியில் விளையாட்டில் மிகச் சிறந்து விளங்கும் மாணவருக்கு வழங்கப்படும் அதியுயர் விருதின் பெயர் சிங்கம். கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் விளையாடியவர்களில் ஒரு சிலருக்கே அது எட்டும். வைட் மெய்வல்லுனர் போட்டிகளில் அந்தச் சிங்க விருதைப் பெற்றார். குறுந்தூர ஓட்டத்துக்கு வேண்டிய வேகமும் நீண்ட ஓட்டத்துக்கு வேண்டிய மூச்சும் அவருக்கு ஒருசேர வாய்த்திருந்தன. இப்படிப்பட்டவருக்கென்றே அமைந்த போட்டி ஒன்றுண்டு. அதுவே 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம்.

எமது ஊரில் இப்போட்டியைக் கண்டவர்கள் குறைவு. எனவே சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். வழியில் 3 அடி உயரமான பத்துச் சட்டவேலிகள். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் வேலிக்கு 45 மீற்றர். அதன்பின் வேலிக்கு வேலி 35 மீற்றர். கடைசி வேலியிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீற்றர். வேகமாக ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு வேலிகளுக்கிடையில் எத்தனை அடி வைப்பது என்ற கணக்குத் தவறாமல் ஓட வேண்டும். முதல் ஐந்து வேலிகள் வரை அந்தக் கணக்கு யாருக்கும் சரியாகவே வரும். ஆறாவது, ஏழாவது வேலியில் கால் கனக்கத் தொடங்கும். அடி குறுகும். வேலி எட்டாது, அல்லது மிக நெருங்கி விடும். ஒரு அரை அடி பிசகினால் வேலிக்கு முன் தயங்கி மற்றக் காலால் தாண்ட வேண்டி வரும். அந்தத் தயக்கத்திலேயே மூன்று பேர் முன்னால் போய்விடுவார்கள். களைத்துப் போன உடம்பிடம் கணக்குப் பிழையாமல் வேலை வாங்குவதே இந்த ஓட்டம். மனிதனைக் கொல்லும் ஓட்டம் என்று இதனைச் சொல்வாருண்டு.

வைட்டின் வாழ்க்கையில் இதைவிட உயரமான வேலி ஒன்று குறுக்கே வந்தது. அது இரண்டாம் உலகப் போர். ஒரு ஓட்டக்காரனுக்கு 22 வயது முதல் 28 வயது வரையுள்ள காலம் பொற்காலம். வைட்டுக்கு 22 வயதான 1940இல் நடைபெற வேண்டிய ஒலிம்பிக் போட்டி முதலில் தோக்கியோவுக்கென்று குறிக்கப்பட்டு, பின்னர் ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டு, கடைசியில் நடக்கவே இல்லை. 26 வயதான 1944இல் லண்டனில் நடக்க வேண்டிய போட்டியும் நடக்கவில்லை. வைட் இராணுவ உடை தரித்து இலங்கை இலகு காலாட்படையில் சேவை செய்தார். கண்டியும் அக்காலத்தில் போர்க்கோலம் பூண்டிருந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தைப் பேராதனைக்குக் கொண்டு வந்து விட்டார். எமது பெற்றோர் காலத்தவர்கள் அந்த நாட்களின் இராணுவ லொறிகளையும் அரிசிப் பங்கீட்டையும் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வைட் பின்னர் தொண்டர் படையில் மேஜர் பதவி வரை உயர்ந்தார்.

போர் முடிந்தது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆறு மாதங்கூட ஆகவில்லை, யூலை 29ஆம் திகதி லண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் போட்டி ஆரம்பமாயிற்று. இலங்கை ஒலிம்பிக்கில் பங்குபற்றியது அதுவே முதற் தடவை. மெய்வல்லுனர்களும் குத்துச்சண்டை வீரர்களுமாக ஏழு பேர் கொண்ட சிறு குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் டங்கன் வைட். அப்போது அவருக்கு வயது 30. ஓட்டக்காரர்கள் பலர் காலணியைக் கழற்றி வைத்து விடும் வயது.

அந்த ஒலிம்பிக்கைச் சிக்கன ஒலிம்பிக் என்றே அழைத்தார்கள். லண்டன் நகரம் குண்டு வீச்சில் இடிந்த கட்டடங்களோடு நின்றது. உணவுக்குப் பங்கீட்டு அட்டை. வந்த வீரர்களுக்கெனப் புதிதாக மாளிகை எதுவும் கட்டப்படவில்லை. இராணுவ முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்க வைத்தார்கள். நாய் ஓட்டப் பந்தயம் நடந்து வந்த வெம்பிளி அரங்கில் அவசர அவசரமாகக் கரித்துகள் பரப்பி ஓடுபாதை அமைத்தார்கள். 59 நாடுகள் வந்திருந்தன. ஜேர்மனிக்கும் யப்பானுக்கும் அழைப்பில்லை.

400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் ஆரம்பச் சுற்றுகளும் அரையிறுதியும் முடிந்து, யூலை 31ஆம் திகதி ஆறு பேர் இறுதிப் போட்டிக்கு வந்தனர். அமெரிக்காவிலிருந்து ரோய் கொக்ரன், டிக் ஓல்ட் என இருவர். சுவீடன் நாட்டின் ரூன் லார்சன். பிரான்சின் ஈவ் குரோ. இத்தாலியின் ஒட்டாவியோ மிசோனி. ஆறாவது ஆள், சுதந்திரம் கிடைத்து ஆறு மாதமும் ஆகாத ஒரு சிறு தீவின் பிரதிநிதி.

இவர்களில் கொக்ரனும் வைட்டைப் போலவே போரினால் காலத்தை இழந்தவர்தான். 1939இலேயே அமெரிக்கச் சம்பியனாக இருந்தவர், இரண்டு ஒலிம்பிக் போட்டிகளை இழந்து கடற்படையில் பணியாற்றி விட்டு 29 வயதில் வந்திருந்தார். மிசோனியின் கதை இன்னும் விசேஷமானது. எகிப்தில் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பிரித்தானியரிடம் பிடிபட்டு வருடக்கணக்காகப் போர்க்கைதியாக இருந்தவர். அதே பிரித்தானியரின் தலைநகரில் ஓட வந்திருந்தார். இத்தாலி வீரர்கள் அணிந்திருந்த பயிற்சி உடைகளும் அவரது பட்டறையில் தைக்கப்பட்டவையே. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற மிசோனி ஆடை நிறுவனத்தை மனைவியுடன் சேர்ந்து தொடங்கியவர் அவர்தான். ஒரே கோட்டில் நின்ற ஆறு பேருடைய கதைகளைச் சேர்த்தால் ஒரு மகாயுத்தத்தின் சரித்திரமே வந்து விடும் போலிருக்கிறது.

அரையிறுதியிலேயே கொக்ரனும் லார்சனும் 51.9 செக்கனில் ஓடி, அதுவரையிருந்த 52.0 செக்கன் ஒலிம்பிக் சாதனையை முறியடித்திருந்தனர். இறுதிப் போட்டியில் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் லார்சன் அல்லர், ஓல்டும் அல்லர். கண்டியில் ஓடிப் பழகிய டங்கன் வைட் 51.8 செக்கனில் இரண்டாவதாக முடிவுக் கோட்டைக் கடந்தார். லார்சன் 52.2, ஓல்ட் 52.4. சிந்தித்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் தொடங்கும்போதிருந்த ஒலிம்பிக் சாதனையை விட விரைவாக ஓடித்தான் வைட் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மற்றவர் தடுக்கி விழுந்ததால் கிடைத்த பதக்கமன்று.

அயல்நாட்டோடு ஒப்பிட்டாலும் இதன் பெருமை புரியும். அதே ஒலிம்பிக்கில் இந்திய ஹொக்கி அணி பிரித்தானியாவை 4க்கு 0 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. பாரத மக்கள் கொண்டாடிய மாபெரும் வெற்றி அது. ஆனால் தனிநபர் போட்டியில் சுதந்திர இந்தியாவுக்கு முதற் பதக்கம் 1952இல் மல்யுத்த வீரர் ஜாதவ் மூலமே கிடைத்தது, அதுவும் வெண்கலம். வைட் அதற்கு நான்கு வருடம் முந்தியவர்.

இவ்விடத்தில் மலையகத் தமிழனாகிய நான் ஒரு விடயத்தைச் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை. வைட் வெம்பிளியில் ஓடியது 1948 யூலை கடைசி நாள். அடுத்த மாதமாகிய ஓகஸ்டில் இந்நாட்டுப் பாராளுமன்றம் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15ஆம் திகதி அது அமுலுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்குக் கூடை சுமந்த எமது மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆயினர். ஒரு சிறுபான்மையினர் வென்று தந்த பதக்கத்தை நாடு கொண்டாடிய அதே நாட்களில் இன்னொரு சிறுபான்மையினரின் பெயர்கள் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டன. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், கப்பலேறியவர்களின் கண்ணீர், 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று அந்தக் கதை நீண்டு போயிற்று. பிரசாவுரிமைப் பத்திரத்துக்காகக் கச்சேரி வாசலில் கால்கடுக்க நின்ற எமது பெற்றோருக்கு ஒலிம்பிக் எங்கே, ஓட்டப் பந்தயம் எங்கே. எமது பிள்ளைகளுக்கு டங்கன் வைட்டின் பெயர் வந்து சேராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எனது எண்ணம். நாடு கொண்டாடிய பொழுதில் நாம் வாசலுக்கு வெளியே நின்றோம். அதற்காக வைட்டை நாம் வெளியே நிறுத்தி விடுவது முறையாகாது. அவரும் எம்மவரே.

வெள்ளிப் பதக்கத்துடன் வைட் ஓய்ந்து விடவில்லை. விளையாட்டை முறையாகக் கற்பிப்பதற்கென்று இங்கிலாந்தின் லப்பரோ கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். அக்காலத்தில் உடற்கல்வி கற்பிப்போருக்கென்று உலகெங்கும் பேர் பெற்ற கல்லூரி அது. 1950இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிரித்தானிய சாம்ராச்சிய விளையாட்டுப் போட்டி, அதாவது இன்றைய பொதுநலவாய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஆரம்ப நாள் பெப்ரவரி 4, எமது இரண்டாவது சுதந்திர தினம். அங்கே 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் வைட் 52.5 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். உள்ளூர்க்காரரான நியூசிலாந்து வீரர் ஹொலண்ட் இரண்டாமிடம். அப்போது வைட்டுக்கு 32 வயதை எட்ட ஒரு மாதமே குறைவு. இந்தியாவின் புகழ்பெற்ற மில்கா சிங் இதே போட்டித் தொடரில் தங்கம் வென்றது எட்டு வருடம் கழித்து, 1958இல் கார்டிப் நகரில்.

வென்றவர்கள் இரு வகை. பதக்கத்தை அலுமாரியில் வைத்து விட்டு அதைப் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. தாம் கற்றதை இளையவர்களுக்குக் கொடுக்கப் புறப்படுபவர்கள் மறுவகை. வைட் இரண்டாவது வகையினர். ஓட்டத்தை நிறுத்திய பின் அவர் தேர்ந்தெடுத்தது உடற்கல்வித் துறையை. சட்டவேலி ஓட்டத்தை வாயால் சொல்லிக் கற்பிக்க முடியாது. பிள்ளையின் காலைப் பார்க்க வேண்டும். எந்தக் காலால் எழும்புகிறான், வேலிக்கு எவ்வளவு தூரத்தில் எழும்புகிறான், இறங்கிய பின் முதலடி எப்படி விழுகிறது என்று நாட்கணக்கில் மைதானத்தில் நின்று பார்க்க வேண்டும். வெயிலில் நிற்பவர் ஓடுபவர் மட்டுமல்லர், பயிற்றுவிப்பவரும்தான். பின்னர் ஆபிரிக்காவின் நைஜீரியா நாட்டிலும் பல்கலைக்கழக மட்டத்தில் உடற்கல்வி விரிவுரையாளராகப் பணியாற்றினார். கண்டி மைதானத்தில் பெற்ற வித்தை மேற்கு ஆபிரிக்க இளைஞர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

எமது நாட்டு மெய்வல்லுனர் வரலாற்றில் வைட்டுக்கு அடுத்து நினைக்க வேண்டியவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் இலங்கைக்காகப் பங்குபற்றி, 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்நாட்டுக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தவர். பிற்காலத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கல்விமான். 2024இல் அமரரானார். ஒலிம்பிக்கில் முதற் பதக்கம் ஒரு பறங்கியரால், ஆசியப் போட்டியில் முதற் தங்கம் ஒரு தமிழரால். இருவருமே தமது பிற்காலத்தை வெளிநாட்டில் கழித்தனர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு பறங்கியர் பலர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய் விட்டார்கள். கண்டி நகரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த அந்தக் குடும்பங்களை இன்று விரல் விட்டு எண்ணலாம்.

நாடு அவரை முற்றாக மறந்து விட்டது என்று சொல்ல முடியாது. பிரித்தானிய முடியின் எம்.பி.ஈ. விருதும், இலங்கை அரசின் தேசமான்ய விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. திரினிட்டியின் பழைய மாணவர்கள் இன்றும் அவர் பெயரைப் பெருமையோடு சொல்வார்கள்.

டங்கன் வைட் 1998 யூலை 3ஆம் திகதி இங்கிலாந்தின் நனீட்டன் என்ற ஊரில் தமது 80ஆவது வயதில் காலமானார். இன்னும் நான்கு வாரம் இருந்திருந்தால் வெம்பிளி ஓட்டத்தின் பொன்விழாவைக் கண்டிருப்பார். இலங்கை இரண்டாவது ஒலிம்பிக் பதக்கம் பெறுவதையும் அவர் காணவில்லை. கண்டி கொழும்பு வீதியிலுள்ள வரக்காப்பொலைப் பக்கத்தைச் சேர்ந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2007இல் பறிக்கப்பட்ட பின் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. வைட் ஓடி முடித்தது 51.8 செக்கனில். அடுத்த பதக்கத்துக்கு நாடு காத்திருந்தது 52 வருடம். 2024 பாரிஸ் போட்டி வரை இவ்விருவரைத் தவிர வேறெவரும் இந்நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் கொண்டு வரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு மேட்டிலும் பள்ளத்திலும் தினமும் இரண்டு மூன்று மைல் நடக்கிறார்கள். அவர்களுடைய காலிலும் மூச்சிலும் குறை ஒன்றும் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் பாட்டா செருப்பைக் கழற்றி வைத்து விட்டு வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாலே அது தெரியும். அவர்களுக்குக் கிடைக்காதது சமதரையும், காலைப் பார்த்துத் திருத்தும் ஓர் ஆசிரியருந்தான். சட்டவேலி வாங்கப் பணமில்லை என்று பாடசாலைகளில் சொல்கிறார்கள். எமது ஆலயப் பரிபாலன சபை கடந்த கூட்டத்தில் இதனை ஆலோசித்து, ஊர்த் தச்சரைக் கொண்டு பத்து மூங்கில் சட்டவேலிகள் செய்விக்க ஒப்புக்கொண்டுள்ளது. பிள்ளை மோதினால் பின்பக்கமாகச் சரியக்கூடிய விதமாக, இரண்டரை அடி உயரத்தில், அடியில் பாரமில்லாமல் அவை செய்யப்படும். வருகிற சித்திரைப் புத்தாண்டுப் போட்டியில் 16 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இரு பிரிவினருக்கும் சட்டவேலி ஓட்டம் முதல் முறையாக இடம்பெறும். விரும்பும் பிள்ளைகள் பங்குனி மாத இறுதிக்குள் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்த பின் பயிற்சி நடைபெறும்.